நடந்துபோன உவாய்

என் காணிக்குள் ஒருத்தி கத்தியோடு நின்றாள்.

விடிந்தும் விடியாத நேரம். தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று தொடங்கிவிட்டிருந்தது. இரவு முழுக்கக் கொட்டிலின் தகரம் படபடவென்று அடித்ததில் ஒரு பொட்டு நித்திரை இல்லை. முகம் கழுவலாமென்று வெளியே வந்தால், காணியின் கோடியில் குன்றுபோலக் கிடந்த உவாய்ப் பத்தைக்குள் தலையை விட்டு, முக்காடு போட்ட ஒரு பெண் கொப்பு வெட்டிக்கொண்டிருந்தாள்.

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்பதை இந்தத் தொடரை வாசித்து வருகிறவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. முப்பது வருடத்துக்கு மேல் இந்தியாவில் அகதி முகாமில் இருந்துவிட்டு, மன்னார்த் தீவில் சொந்த மண்ணுக்கு வந்து கொட்டில் போட்டு ஒரு கிழமைகூட ஆகவில்லை. அதற்குள் களவா?

"ஆரது? ஆற்ற காணியில ஆர் வந்து வெட்டுறது? வையுங்கோ கத்தியைக் கீழ!"

அவள் திரும்பக்கூட இல்லை. "மெல்லக் கத்து பிள்ளை, ஊர் எழும்பப் போகுது. இது எங்கட உவாய்."

"உங்கட உவாயோ? இது என்ர அம்மா எனக்குச் சீதனமாத் தந்த காணி. தெரியுமே?"

"உன்ட அம்மா ஆரு?"

"திரேசம்மா. கேளுங்கோ ஊரில!"

வெட்டிய கொப்பு கையிலிருந்து விழுந்தது. அவள் பத்தைக்குள்ளிருந்து வெளியே வந்து, என்னை மேலும் கீழும் பார்த்தாள். "பிலோமினாவா? வேலிக்கு மேலால எட்டிப் பாத்து ஊர்க் கதை கேக்கிற பிலோவா நீ?"

அந்தக் குரல் எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. அதுவரை 'அவள்' ஆக இருந்தவர் அந்த நிமிடமே 'அவர்' ஆகிவிட்டார். பக்கத்துக் காணி ஜெமீலா ராத்தா. என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். நாங்கள் கடலேறி இந்தியா போன சில மாதங்களில், முஸ்லிம் சனம் எல்லாரையும் ஆயுதம் தூக்கிய இயக்கம் ஊரைவிட்டு வெளிக்கிடச் சொல்லிவிட்டது. ஒரு பையோடு புத்தளத்துக்குப் போனவர். அவரும் இப்போதுதான் திரும்பி வந்து, பத்தைக்கு அந்தப் பக்கம் ஒரு கொட்டில் போட்டிருக்கிறார்.

இரண்டு கிழவிகளும் அந்த மணலில் நின்று கட்டிப்பிடித்து அழுதோம். பிறகு அவர் கை நிறைய உவாய்ப் பழம் ஆய்ந்து என் உள்ளங்கையில் கொட்டி, "தின்னு, தின்னு. கோபத்துக்கு நல்லது," என்றார்.

கடுகும் சீனியும்

உவாயைத் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அது மரமும் இல்லை, செடியும் இல்லை. கொப்புகள் நாலு பக்கமும் வழிந்து நிலத்தில் படுத்துக்கிடக்கும் பத்தை. இலை தடிப்பு; கடித்தால் உப்பு. வேறு எந்தச் சனியனும் முளைக்காத உவர் மண்ணில், கடற்காற்று முகத்தில் அறைய அறைய, அது பாட்டுக்குப் பச்சையாக நிற்கும்.

பழம் மிளகளவுதான். வெள்ளை, ரோசா, சிவப்பு என்று ஒரே கொத்தில் மூன்று நிறம் இருக்கும். வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே இருக்கும் விதை தெரியும். வாயில் போட்டால் முதலில் சீனி மாதிரி இனிப்பு. அட, நல்லாயிருக்கே என்று நினைக்கும்போதே கடுகு தாளித்த காரம் மூக்கில் ஏறும். கண்ணில் தண்ணீர் வந்துவிடும். வந்தாலும் கை அடுத்த பழத்துக்குப் போகும்.

அதன் குச்சி எங்கள் ஊர்ப் பற்பசை. முனையைக் கடித்து நார் நாராக்கித் தேய்த்தால் வாய் முழுக்கக் குளிர்ச்சி. ராத்தாவின் வாப்பா சுபஹுத் தொழுகைக்கு முன் அதே குச்சியால் பல் தீட்டுவார்; என் தகப்பனார் காலைப் பூசைக்கு முன் அதே பத்தையில் முறித்த குச்சியால் தீட்டுவார். யார் நல்ல கொப்பை முந்தி முறிப்பது என்பதில்தான் இருவருக்கும் போட்டி. முழங்கால் வீக்கத்துக்கு இலையை வதக்கிக் கட்டுவார்கள். ஆட்டுக்கு வேறு தீனி இல்லாத கோடையில் உவாய்க் குழைதான் சாப்பாடு. எங்கள் தீவில் கேட்பாரில்லாமல் திரிகிற கழுதைகளுக்கும் அதுதான். வெயில் ஏறினால் அதன் கீழே போய் நின்றுகொண்டு நம்மைப் பார்த்து முழிக்கும்.

ஒரு விஷயம் சொல்கிறேன். படகிலிருந்து இறக்கி முகாமுக்குக் கொண்டுபோன முதல் கிழமை, எனக்கு ஒன்றுமே ஓடவில்லை. சாப்பாடு இறங்கவில்லை. ஒரு நாள் கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் பார்த்தேன். உவாய்! அதே வழிந்த கொப்பு, அதே மூன்று நிறப் பழம். காவலுக்கு நின்ற மனிதரிடம் கேட்டேன். "இது உகாம்மா," என்றார். கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே பத்தை. குருவிகள்தான் பழத்தைத் தின்றுவிட்டு அங்கேயும் இங்கேயும் போட்டிருக்க வேண்டும். கம்பிக்குள்ளால் கையை விட்டு ஒரு பழம் பறித்துத் தின்றேன். அன்று இரவுதான் சோறு தின்றேன்.

அப்போதே எனக்கு அதன்மேல் ஒரு பயபக்தி வந்துவிட்டது. ஆனால் அது என்ன வேலை செய்யக்கூடியது என்று எனக்கு அன்றைக்கு எங்கே தெரிந்தது!

பங்குக் கிணறு

எங்கள் தீவில் நிலத்தைத் தோண்டினால் தண்ணீர் வரும். அது பெரிய காரியமில்லை. குடிக்கலாமா என்பதுதான் கேள்வி. நல்ல தண்ணீர் மணலுக்கடியில் அங்கொன்றும் இங்கொன்றுமாக ஒளிந்து கிடக்கும். ஓரிடத்தில் இளநீர் மாதிரி. நாலு எட்டுத் தள்ளித் தோண்டினால் வாயில் வைக்க ஏலாது.

ராத்தா வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் சேர்த்து ஒரு கிணறு இருந்தது. கடலில் எடுக்கும் முருகைக்கல்லால் கட்டிய பங்குக் கிணறு. எல்லைக் கிடுகு வேலி கிணற்றின் வாய்க்கு மேலாலேயே போகும். பாதி அவர்கள் பக்கம், பாதி எங்கள் பக்கம். இந்தப் பக்கம் நான் வாளியை விட, அந்தப் பக்கம் அவர் விட, இரண்டு வாளியும் தண்ணீருக்குள் முட்டிக்கொள்ளும். முகம் தெரியாது, குரல் மட்டும் கேட்கும். அந்த வேலிக்கு இரு பக்கமும் நின்று நாங்கள் கதைக்காத கதையா! ஒருவரின் வாளி கயிறறுந்து விழுந்தால், மற்றவர்தான் பாதாளக் கரண்டி போட்டு எடுத்துக் கொடுக்க வேண்டும். சண்டையென்றாலும் எடுத்துக் கொடுக்க வேண்டும். அப்படியொரு வழக்கம்.

இப்போது அந்தக் கிணற்றைக் காணவில்லை.

வீடு இல்லை, வேலி இல்லை, கிணறு இல்லை. முப்பது வருடச் சோளகம் மணலை அள்ளி வந்து எல்லாவற்றையும் மூடிவிட்டிருந்தது. காணி உறுதிப் பத்திரத்தில் 'கிணற்றுப் பங்குடன்' என்று அழகாக இருக்கிறது. கிணறு எங்கே என்று அதில் யார் எழுதி வைத்தார்கள்?

தண்ணீருக்குப் பவுசர் லொறியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். அது வரும் நாளில் வரும். வராத நாளில் ஊரின் மறு கோடிவரை குடம் சுமக்க வேண்டும். என் கணவர் செபமாலைக்கு முதுகு வருத்தம், எனக்கு முழங்கால். ராத்தாவுக்கு உதவிக்கு ஆளே இல்லை. கணவர் புத்தளத்திலேயே மவுத்தாகிவிட்டார்.

அவருடைய மகன் பைசல் ஒவ்வொரு நாளும் போன் எடுப்பான். புத்தளத்தில் பிறந்த பிள்ளை. எங்கள் ஊர் அவனுக்கு ஒரு பெயர், அவ்வளவுதான். "உம்மா, தண்ணி இல்லாத இடத்தில என்ன செய்றீங்க? வீட்டுக்கு வாங்க," என்பான். அவர், "இன்னும் கொஞ்சம் பாப்பம், மகன்," என்று தள்ளிக்கொண்டே வந்தார்.

எங்கள் வீட்டிலும் அதே பாட்டுத்தான். மகள் இந்தியாவிலேயே கலியாணம் கட்டி இருந்துவிட்டாள். செபமாலை ஒரு நாள் குடத்தை நிலத்தில் வைத்துவிட்டுச் சொன்னார்: "பிலோமினா, நீர் கேளும். மடு மாதா கோயில் ஆடித் திருவிழாவுக்கு முன்னம் இந்தக் காணியில குடிக்கிற தண்ணி வராட்டி, மாதாவிட்டப் போய்ச் சொல்லிப்போட்டு நான் மகளிட்டத் திரும்பிப் போறன். நீர் வாறதெண்டா வாரும்."

இவர் கோபத்தில் சொன்னால் நான் பயப்பட மாட்டேன். இதை ஆறுதலாக, நிதானமாகச் சொன்னார். இன்னொரு தரம் இந்த மண்ணை விட்டுப் போனால் திரும்பி வர எனக்கு ஆயுசு கிடையாது.

கிழக்கே தோண்டினோம்

கிணறு எங்கே இருந்தது என்பதில் எனக்கும் ராத்தாவுக்கும் ஒரு பொட்டுச் சந்தேகமும் இல்லை. உவாய்க்குக் கிழக்கே. பின்னேரத்தில் பத்தையின் நிழல் கிணற்றுக் கட்டில் விழும். அந்த நிழல் விழுந்த பிறகுதான் பெண்கள் தண்ணீர் அள்ளப் போவோம். இதை மறப்போமா? மணல் எதை மூடினாலும் உவாயை மூடவில்லை. அது அங்கேயே நிற்கிறது. அதை அடையாளமாக வைத்துத் தோண்ட வேண்டியதுதானே.

தோண்டினோம். செபமாலை முதுகில் துவாயை இறுக்கிக் கட்டிக்கொண்டு மண்வெட்டி பிடித்தார். நாங்கள் இரண்டு பேரும் கடகத்தில் மணல் சுமந்தோம். கல் ஒன்றும் தட்டுப்படவில்லை. கடைசியில் தண்ணீர் வந்தது. ராத்தா விரலில் தொட்டு நாக்கில் வைத்துவிட்டுத் துப்பினார். கடல்!

"இன்னும் கொஞ்சம் உங்கட பக்கமாத் தோண்டியிருக்க வேணும்," என்றேன்.

"என்ட பக்கம் தோண்டச் சொல்லித்தான் நான் முதலே சொன்னன். நீதான் கேக்கல்ல."

"எப்ப சொன்னனீங்கள்? நான் செவிடோ?"

"செவிடா இருந்தாலும் பரவால்ல. வாய் ஓய்ஞ்சிருக்கும்!"

அவ்வளவுதான். நான் எதையோ சொல்ல, அவர் எதையோ சொல்ல, கடைசியில் உவாய் யாருடையது என்பதில் போய் நின்றது. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டதென்பது இதுதான். செபமாலை மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் கொட்டிலுக்குள் போய்ப் படுத்துவிட்டார். ராத்தாவும் நானும் சில நாள் முகம் பார்க்கவில்லை.

பிறகு ஒரு பின்னேரம் அவரே இடியப்பமும் சொதியும் கொண்டுவந்து வைத்துவிட்டு, "இன்னொரு இடம் பாப்பமா?" என்றார். பார்த்தோம். அங்கேயும் உப்பு. அதற்கடுத்த இடமும் உப்பு. உவாய்க்குக் கிழக்கே நாங்கள் தோண்டாத இடமில்லை.

திருவிழா கிட்டி வந்துகொண்டிருந்தது. செபமாலை ஒரு முடிவுக்கு வந்தார். கிழக்கே இல்லையென்றால் கிணறு பத்தைக்குக் கீழேதான் இருக்க வேண்டும். ஊரில் திரும்பி வந்த சனம் எல்லாரும் செய்கிறது போலப் பெக்கோ இயந்திரத்தைக் கொண்டுவந்து பத்தையை வேரோடு பிடுங்கி எறிந்துவிட்டுப் பார்ப்பது. காணியைத் துப்பரவாக்கினால்தான் காணிக்காரர் வந்துவிட்டார் என்று ஊருக்குத் தெரியும் என்பது எங்கள் ஆட்களின் எண்ணம். அப்படித் துப்பரவாக்கிய காணிகளில் மணல் இப்போது வாசற்படி ஏறிக்கொண்டிருந்ததை நாங்கள் கண்ணால் கண்டும் யோசிக்கவில்லை.

எனக்கு மனமில்லை. ஆனால் வேறு வழி சொல்ல வாயும் இல்லை. வாய் இல்லாமல் நான் இருந்தது என் சீவியத்தில் அந்த ஒரு தரம்தான்.

அம்மாவின் கொடிக்கம்பி

பெக்கோ வருகிற அன்று காலை ராத்தா மண்வெட்டியோடு வந்தார். முகம் வீங்கியிருந்தது.

"நாளைக்குப் பைசல் வேன் கொண்டு வாறான். நான் போறன் பிலோ. இனி அவனிட்டச் சாட்டுச் சொல்ல என்னிட்ட ஒண்டும் இல்ல."

"அப்ப என்னை ஆரோட சண்டை பிடிக்கச் சொல்லுறீங்கள்?" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "பிடுங்க முந்தி எனக்குக் கொஞ்சம் வேர் வேணும். வேர்க்குச்சியத்தான் என்ட வாப்பா விரும்பினவர். புத்தளத்துக்குக் கொண்டு போய் அவர்ட நினைவுக்கு வைக்கப் போறன்."

பத்தையின் முதுகுப் பக்கம், காற்று வந்து மோதுகிற தென்மேற்குப் பக்கமாக, முதிர்ந்த வேர் தேடிச் சில எட்டுத் தள்ளி மணலை விலக்கத் தொடங்கினார். அந்தப் பக்கம் நாங்கள் போனதே இல்லை. அங்கே ஒன்றும் இல்லை, வெறும் மணல்மேடுதான். நானும் குந்தியிருந்து கையால் மணல் தள்ளினேன். கொஞ்ச ஆழத்தில் ஒன்று தட்டுப்பட்டது. என் தொடைத் தடிப்பு.

"இது வேர் இல்ல," என்றார் ராத்தா.

வேர் இல்லைதான். அதில் வெட்டிய கொப்புகளின் மொட்டைகள் இருந்தன. வரிசையாக, பழையதாக, காய்ப்பேறிப்போய். மண்ணுக்குள் கிடக்கிற வேரில் யார் போய்க் குச்சி முறிப்பார்கள்? இது ஒரு காலத்தில் வெளியே, வெயிலில் நின்ற அடிமரம்.

இன்னும் கொஞ்சம் மணலைத் தள்ளினேன். விரலில் ஏதோ குத்தியது. துருப்பிடித்த கம்பி. அடியைச் சுற்றி இறுக்கிக் கட்டிய கம்பியை அந்த உவாய் வளர்ந்து பாதி விழுங்கிவிட்டிருந்தது. முடிச்சு மட்டும் வெளியே தெரிந்தது. மூன்று சுற்றுச் சுற்றி, முனையை உள்ளே மடக்கிய முடிச்சு.

"மாதாவே," என்றேன். "இது அம்மா கட்டினது!"

உடுப்புக் காயப்போடுகிற கொடிக்கம்பி. ஒரு முனையை உவாயின் அடியில் கட்டி, மறு முனையைக் கிணற்றடித் தூணில் கட்டியிருந்தார். கம்பி முனை சீலையைக் கிழிக்கக் கூடாதென்று எப்போதும் உள்ளே மடக்கிவிடுவார். நான் பிள்ளையாக இருந்தபோது அந்தக் கம்பியில் தொங்கி அடி வாங்கியிருக்கிறேன்.

ராத்தா எழும்பி நின்று அந்தப் பெரிய பத்தையைப் பார்த்தார். பிறகு காலடியில் கிடந்த அடியைப் பார்த்தார். "பிலோ, அப்ப உவாய் முந்தி நிண்டது அங்க இல்ல. இஞ்ச," என்று காலடி மணலைக் காட்டினார். "இது நடந்து போயிருக்கு."

எனக்கு மயிர்க்கால் எல்லாம் நிமிர்ந்து நின்றது. இப்போது எழுதும்போதும் நிற்கிறது.

நினைத்துப் பாருங்கள். சோளகம் மணலை அள்ளி வந்து மேலே போட, அது செத்துப்போகவில்லை. மூடுண்ட கொப்பில் வேர் விட்டு, காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு முன்பக்கம் புதுக் கொப்பு விட்டிருக்கிறது. மறுபடி மணல் மூட, மறுபடி வேர், மறுபடி கொப்பு. பின்னால் இருந்தது மண்ணுக்குள் போகப் போக, முன்னால் ஒரு பத்தை. நாங்கள் ஊரில் இல்லாத அத்தனை வருடமும் அது இப்படியே வடகிழக்காக நகர்ந்துகொண்டிருந்திருக்கிறது. நாங்கள் இரண்டு விசரிகளும் வந்து, மரம் எங்கே போகப்போகிறது என்ற நம்பிக்கையில் அதிலிருந்து அளந்து, தீவெல்லாம் உப்புக் கிணறு தோண்டியிருக்கிறோம்!

நினைவில் பிழையில்லை. கிணறு உவாய்க்குக் கிழக்கேதான். ஆனால் அந்தப் பழைய உவாய்க்கு.

"எஞ்சினை நிப்பாட்டு"

நான் போட்ட கூச்சலில் செபமாலை சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார். பாம்பு கடித்துவிட்டதென்று நினைத்தாராம். கம்பியைக் காட்டினேன். குனிந்து அந்த முடிச்சைத் தொட்டுப் பார்த்தார். மண்வெட்டியை வாங்கினார்.

முடிச்சிலிருந்து, அடி போன வழியே கிழக்காகத் தோண்டினோம். அது மணலுக்குள் வளைந்து நெளிந்து போனது. அங்கங்கே கீழ்நோக்கி வேர் இறக்கியிருந்தது. பட்டையை நகத்தால் சுரண்டினால் உள்ளே பச்சை. அந்த இருட்டுக்குள் அது உயிரோடு கிடந்தது.

அப்போதுதான் பெக்கோ வந்தது. ஒடுக்கமான ஒழுங்கைப் பாதையை அடைத்துக்கொண்டு, நிலம் அதிர. ஓட்டி வந்த இளந்தாரி தலையை வெளியே நீட்டி, "அண்ணை, இந்தப் பத்தையைத்தானே புடுங்கிறது?" என்று கேட்டான்.

செபமாலை குழிக்குள் இடுப்பளவில் நின்றார். அவருடைய இரண்டு கையும் எதன்மேலோ இருந்தன. "தம்பி," என்றார், "ஒண்டையும் புடுங்க வேண்டாம். எஞ்சினை நிப்பாட்டு."

நாங்கள் எட்டிப் பார்த்தோம். வெள்ளை முருகைக்கல். வட்டமாக வளைந்து போகிற கட்டு. அதற்கு மேலால், வாய்க்குக் குறுக்கே, உவாயின் அடி படுத்துக்கிடந்தது. கிணற்றைத் தாண்டித்தான் அது எங்கள் பக்கம் வந்திருக்கிறது.

பெக்கோக்காரன் இறங்கி வந்து அவனும் ஒரு மண்வெட்டி பிடித்தான். அயலில் இருந்து இரண்டு பேர் கயிறும் வாளியுமாக வந்தார்கள். கிணற்றுக்குள் நிரம்பியிருந்த மணலை அள்ள அள்ள, உள்சுவர் தெரிந்தது. ஒரு கல்கூடச் சரியவில்லை. உவாயின் வேர்கள் கல்லுக்கும் கல்லுக்கும் இடையில் புகுந்து, பின்னி, சுவரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கியிருந்தன.

பெக்கோக்காரன் அந்த வேரை இழுத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். "அக்கா, நான் இதைப் பிடிச்சு இழுத்திருந்தா கிணறு முழுக்கக் கையோட வந்திருக்கும்."

அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். செபமாலை குழியின் விளிம்பில் குந்திவிட்டார். பிறகு மேல்கை மணலைத் தட்டிவிட்டு, குறுக்கே கிடந்த அந்த அடியைத் தடவிக் கொடுத்தார். ஆட்டைத் தடவுகிறது மாதிரி. என் மனிதர் என்னைக்கூட அப்படித் தடவிக் கொடுத்தது கிடையாது. நான் அதைச் சொல்லிக் காட்டவும் இல்லை. அன்றைக்கு எனக்குக் கையெடுத்துக் கும்பிட வேண்டும் போலிருந்தது, கும்பிட்டேன். பத்தையைத்தான். மாதா குறை நினைக்க மாட்டார்.

பொழுது சாயும்போது கிணற்றின் அடியில் மணல் ஈரமாகி, ஒரு மூலையில் தண்ணீர் ஊறத் தொடங்கியது. கலங்கல். யாரும் தொட்டுப் பார்க்கவில்லை. தொட யாருக்கும் தைரியம் இல்லை. விடியட்டும், தெளியட்டும் என்று விட்டுவிட்டோம்.

முதல் வாளி

காலையில் நான் போகும்போது ராத்தா ஏற்கெனவே கிணற்றடியில் நின்றார். தொழுதுவிட்டு நேரே வந்திருக்க வேண்டும். தண்ணீர் தெளிந்திருந்தது. அடி மணல் தெரிந்தது.

வாளியை விட்டு இழுத்தோம். இருவரும் கயிற்றைப் பிடித்தோம். யார் பிடிப்பது என்று கேட்கவில்லை. நான் செம்பில் ஊற்றி அவரிடம் நீட்டினேன். "நீங்கள் மூத்தவ. குடியுங்கோ."

அவர் பிஸ்மி சொல்லிக் குடித்தார். ஒரு மிடறு. பிறகு கண்ணை மூடிக்கொண்டு அப்படியே நின்றார். எனக்குப் பொறுக்குமா?

"சொல்லுங்கோவன்! உப்போ? நல்ல தண்ணியோ? ஏன் மனுசரைக் கொல்லுறீங்கள்?"

செம்பை என் கையில் தந்தார். நான் குடித்தேன்.

நல்ல தண்ணீர். ஐயோ, எங்கள் தண்ணீர்! முகாமில் குழாய்த் தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் நாக்கு தேடித் தேடிக் களைத்துப்போன அதே ருசி. நான் செம்பைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதேன். கொட்டில் வாசலில் நின்ற செபமாலை என் அழுகையைப் பார்த்துவிட்டு, உப்பென்று நினைத்து, தலையைக் குனிந்துகொண்டார்.

"விசர் மனுசன், இஞ்ச வாங்கோ! வந்து குடியுங்கோ!" என்று கத்தினேன்.

அவர் வந்து செம்பால் குடிக்கவில்லை. வாளியைத் தூக்கி அப்படியே குடித்தார். தாடையால் வழிந்து சேட்டெல்லாம் நனைந்தது. மடுவுக்குப் போகலாம், ஆனால் விடைபெறப் போகத் தேவையில்லை என்று அவர் வாயால் சொல்லவில்லை. மிச்சத் தண்ணீரைக் கொண்டுபோய்க் கொட்டில் மூலையில் இருந்த வெறுங்குடத்தில் ஊற்றினார். எனக்கு அது போதும்.

அப்போது ராத்தாவின் போன் அடித்தது. பைசல். வேனில் வெளிக்கிட்டுவிட்டானாம். அவர் போனைக் காதில் வைக்காமல் முன்னால் பிடித்துக் கதைப்பார், அதனால் அவன் சொன்னது எங்களுக்கும் கேட்டது. "உம்மா, சாமானெல்லாம் கட்டிட்டீங்களா?"

"ஒண்டும் கட்டல்ல, மகன். கிணறு கிடைச்சிருக்கு. நல்ல தண்ணி."

பிறகு அவன், பெரிய பிள்ளைகள் தாய்மாருக்குச் சொல்லுகிற அந்தப் பொறுமையான குரலில், "சரி உம்மா, தண்ணி கிடைச்சது சந்தோசம். ஆனா அங்க தனிய எப்படி? அப்ப வீட்டுக்கு எப்ப வருவீங்க?" என்று கேட்டான்.

ராத்தா முக்காட்டின் நுனியால் வாயைத் துடைத்தார்.

"பெருநாளைக்கு வாறன், மகன். பேரப்பிள்ளையளப் பாக்க வாறன். ரெண்டு நாள் விருந்தாளியா நிண்டிட்டு, பிறகு நான் என்ட வீட்ட வந்திருவன்."